லெப்ட் பேக்ல யாரு நிக்கிறது? எங்கள் கல்லூரி விளையாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

முதல்வர் அவர்களுக்கும், உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்கும், விளையாட்டுக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

ஜூன் மாதம் நோட்டீஸ் போர்டில் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கையைப் பையன்கள் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். கால்பந்து அணிக்கு இனி 16 பேர் மட்டும். முதலாமாண்டு மாணவர்கள் தேர்வுக்கு வரத் தேவையில்லை. பி டீம், அதாவது இரண்டாவது அணி, கிடையாது. பயிற்சி முடிந்ததும் தரும் முட்டையும் பாலும் அந்த 16 பேருக்கு மட்டும். நாலே வரி. ஐந்தாவதாக, இதெல்லாம் 'அணியின் தரத்தை உயர்த்தும் பொருட்டு' என்று ஒரு வரி. முதல் நாலு வரியைக்கூடப் பணக் கஷ்டம் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த ஐந்தாவது வரிதான் என்னை உட்காரவைத்து இதை எழுதச் சொன்னது.

1999 முதல் 2002 வரை நான் இங்கேதான் பி.எஸ்சி. படித்தேன். வகுப்பில் இருந்ததைவிட மைதானத்தில் கிடந்த நேரம் அதிகம். கல்லூரியின் பெயரை இங்கே நான் எழுதவில்லை, ஊரைக் கூட்டி மானத்தை வாங்குவது என் எண்ணமில்லை. இப்போது வேலைக்குப் போவதற்கு முன்னால் தினமும் காலை வடசென்னை வியாசர்பாடியில் சின்னப் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். கடந்த நான்கு ஆண்டுகளில் அங்கிருந்து மூன்று பேரை நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து உங்களிடம் விளையாட்டுக் கோட்டாவில் சேர்த்தேன். "பையனை நல்ல இடத்துல சேத்துட்டேம்மா" என்று அவர்கள் வீட்டில் சொன்னது நான். அதனால் கேள்வி கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

போன டிசம்பரில் நடந்ததை முதலில் பேசிவிடலாம். வெளி மாவட்டத்தில் ஜோன் (மண்டல) போட்டி. ஐந்து நாளில் நான்கு மேட்ச், அதில் இரண்டு காலை பத்து மணி வெயிலில். நீங்கள் அனுப்பியது 16 பேர். அதில் இரண்டு பேர் கீப்பர்கள். அதாவது களத்தில் ஓட ஆள் பதினான்கு. விடுப்பு போட்டுவிட்டு நானும் போயிருந்தேன், செலவு என்னுடையதுதான், கணக்கு கேட்க வரவில்லை. அரையிறுதிக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு ஃபார்வர்டுக்குக் காய்ச்சல். ஸ்டாப்பருக்கு, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனுக்கு, இரண்டு மஞ்சள் அட்டை சேர்ந்துவிட்டதால் அந்த மேட்சில் ஆட முடியாது. ஆக அரையிறுதி அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்றே பேர், அதில் ஒருவன் இரண்டாவது கீப்பர்.

31-வது நிமிடத்தில் லெப்ட் பேக், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன், தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஹேம்ஸ்ட்ரிங். அதிசயமே இல்லை, அந்தக் காலில் அவனுக்கு நவம்பரிலேயே ஒருமுறை இழுத்திருந்தது, பன்னிரண்டே நாளில் டேப் சுற்றி இறக்கிவிட்டோம். அவனுக்குப் பதில் இறங்கியது ஒரு ரைட் ஹாஃப், வலது பக்க நடுக்கள ஆட்டக்காரன், வலது காலைத் தவிர மற்றது ஊன்றுவதற்கு மட்டும் என்று வாழ்கிற பையன். 52-வது நிமிடத்தில் இன்னொருவன் கெண்டைக்கால் பிடித்து வெளியே வந்தான், கீப்பரைத் தவிர இருந்த கடைசி சப்பும் (மாற்று ஆட்டக்காரனும்) போய்விட்டது. 70-வது நிமிடத்தில் மூன்றாவது ஆள் கணுக்கால் புரண்டு விழுந்தபோது, இரண்டாவது கீப்பருக்கு ஒரு ஃபார்வர்டின் பழைய ஜெர்சியை மாட்டி, முதுகில் நம்பரை வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி மாற்றி, மைதானத்துக்குள் அனுப்பினார்கள். அதுவரை நாம் 1-0 முன்னிலை. முடிந்தபோது 1-3. அந்த மூன்றில் இரண்டு நம் இடது பக்கம் வழியாக வந்தவை.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஹாஸ்டலிலிருந்து ஒரு போன். முதலாமாண்டுப் பையன். நான் சேர்த்துவிட்ட மூவரில் கடைசி ஆள். யாரோ மொபைலில் லைவ் போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "அண்ணா, லெப்ட் பேக்ல யாரு நிக்கிறது?" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

அவன் லெப்ட் பேக். இயல்பாகவே இடது கால்காரன். மாவட்ட ஜூனியர் அணியில் அந்த இடத்திலேயே ஆடிவிட்டு வந்தவன். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒரு நாள் விடாமல் பயிற்சிக்கு வந்து, கோன் எடுத்து வைத்து, பந்துக்குக் காற்றடித்து, சீனியர்களின் தண்ணீர் கேனைத் தூக்கியவன். அந்த ஆறு மாதத்தில் கல்லூரி ஜெர்சியில் அவன் ஆடிய நிமிடங்கள் பூஜ்யம். ஒரு நட்பு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. அவனைப் போல ஹாஸ்டலில் இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஆள் இல்லாமல் தோற்கவில்லை நாம்.

இந்தத் தோல்விக்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று எதிர்பார்த்தேன் தெரியுமா? அடுத்த வருடம் 20 பேரைக் கூட்டிப் போவார்கள், ஜூனியர்களுக்கு மேட்ச் கொடுப்பார்கள் என்று. வந்தது இந்தச் சுற்றறிக்கை. கூடவே, இந்த ஆண்டு எம்.ஏ.வில் நான்கு தயார் ஆட்களைச் சேர்த்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அந்தப் பையன்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குமரிக் கடலோரத்திலிருந்து வருகிற நல்ல ஆட்டக்காரர்கள், வீட்டில் வள்ளமும் வலையுமாகக் கஷ்டப்படுகிறவர்கள், அவர்களுக்கும் ஒரு பட்டம் வேண்டும்தானே. என் சண்டை உங்களோடு. எம்.ஏ. இரண்டே வருடம். அவர்கள் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதும் மறுபடி யாரைக் கூப்பிடுவீர்கள்? வருடா வருடம் நாற்றை வெளியூரில் வாங்கி நட்டுக்கொண்டிருக்கிற வீட்டில், சொந்த நாற்றங்கால் காய்ந்து கிடப்பதை யாரும் கவனிப்பதில்லை.

இதே கல்லூரியில் ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்தது. என் காலத்து பி.டி. சாரிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு பொசிஷன். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பெயர். முதல் பெயர் பேனாவில், மற்ற இரண்டும் பென்சிலில். நான் இரண்டாமாண்டு வரை பென்சில்தான். ஆனால் பென்சில் பெயர்களுக்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். சென்னை லீக்கின் கீழ் டிவிஷனில் பி டீமை இறக்குவார், அங்கே முழு மேட்ச் எங்களுக்கு. முதல் அணியின் மேட்சில் இரண்டு கோல் முன்னிலை வந்துவிட்டால் கடைசி இருபது நிமிடம் ஒரு பென்சிலுக்கு. சீனியர் முறைப்பான், அவர் கண்டுகொள்ள மாட்டார். 2001-ல் எங்கள் லெப்ட் ஹாஃபுக்குக் காலர் போன் உடைந்தது. மறுநாள் இன்டர் காலேஜ் காலிறுதி. அவர் ரப்பரை எடுத்து என் பெயரை அழித்து, அதே இடத்தில் பேனாவால் எழுதிவிட்டு, "போய் சீக்கிரம் தூங்கு" என்றார். அவ்வளவுதான். எனக்குப் பதற்றம் இருந்தது, ஆனால் புதுசாக இல்லை, ஏனென்றால் அதற்குள் அந்த ஜெர்சியில் இருபத்தைந்து மேட்ச் ஆடியிருந்தேன். பெஞ்சில் இருந்து எழுந்து வருகிறவன் அந்த நிமிடத்தில் ஆட்டக்காரன் ஆவதில்லை சார், அதற்கு முந்தின ஒன்றரை வருடத்தில் ஆகிறான்.

உலகமே இந்தப் பக்கம்தான் போகிறது. கொரோனா காலத்தில், 2020-ல், தற்காலிகமாக ஐந்து சப் வரை அனுமதித்தார்கள். 2022-ல் பெரிய போட்டிகளுக்கு அதையே நிரந்தர விதியாக்கிவிட்டார்கள். பெஞ்சில் 15 பேர் வரை பெயர் கொடுக்கலாம் என்றும் அதே ஆண்டு ஆட்ட விதி மாறியது. மாடு மாதிரி ஓடவிட்டால் உடம்பு தாங்காது என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது. நம் டிசம்பர் போட்டியிலும் ஐந்து சப் அனுமதி இருந்தது. நம்மிடம் இறக்க ஆள் இல்லை. ஓர் அணியில் ஏழு பேர் இருந்தால்கூட ஆட்டத்தை ஆரம்பிக்கலாம் என்று விதியில் இருக்கிறது. இப்படியே குறைத்துக்கொண்டு போனால் அந்த ஏழையும் தொட்டுவிடுவோம் போலிருக்கிறது.

பெரிய கிளப்புகளுக்கே இது புரிய அடி வாங்க வேண்டியிருந்தது. நம் வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் 'சென்னையின் எஃப்.சி.' கிளப்பில் நடுக்களத்தைக் கட்டி ஆண்ட சீசன் 2017-18. அந்த ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை அவர்களுக்கு. அடுத்த சீசனில் முழங்கால் காயத்தால் அவர் வெளியே. நடப்புச் சாம்பியன் அணி பத்து அணிகளில் பத்தாவது இடத்தில் முடித்தது. அவர் ஒருவர் இல்லாததால்தான் அத்தனையும் என்று சொல்ல மாட்டேன், காரணங்கள் நிறைய இருந்திருக்கும். ஆனால் ஒரு ஆள் போனால் அந்த இடத்தில் யார் என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாத அணி எப்படிச் சரியும் என்பதை ஊரே பார்த்தது. ஐ.எஸ்.எல். கிளப்புகளின் இளம் ஆட்டக்காரர்கள் மேட்ச் ஆடுவதற்கென்றே ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக் என்று ஒன்றை 2022-ல் தொடங்கினார்கள். பெரும்பாலும் 21 வயதுக்குட்பட்டவர்கள். பயிற்சி மட்டும் போதாது, மேட்ச் வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். நம்மிடம் பி டீம் என்று ஒன்று காசில்லாமலே இருந்தது, அதை நாமே மூடுகிறோம்.

இன்னொன்று. ஒரு பையனுக்கு இரண்டு வருடம் பெஞ்சும் இல்லாமல் போனால் கோப்பை மட்டுமா போகிறது? தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். பல்கலைக்கழக அணி வழியாக வருகிற சான்றிதழ் அதில் ஒன்று. பல்கலைக்கழக அணியை எங்கிருந்து எடுக்கிறார்கள்? கல்லூரிகளுக்கிடையிலான மேட்சுகளைப் பார்த்துத்தான். களத்தில் இல்லாதவனைத் தேர்வாளர் எங்கே பார்ப்பார்? முதலாமாண்டை நீங்களே தடை செய்துவிட்டீர்கள். இரண்டாமாண்டில் அவன் இடத்தில் எம்.ஏ. பையன் நிற்பான். மிச்சம் மூன்றாமாண்டு ஒன்றுதான், அந்த வருடம் அவனுக்குக் கால் சுளுக்காமல், காய்ச்சல் வராமல், தேர்வாளர் வரும் நாளில் மழை பெய்யாமல் இருக்க வேண்டும். வடசென்னையில் ஒற்றை அறை வீட்டிலிருந்து வருகிற பையனுக்கு அந்தச் சான்றிதழ் என்பது அம்மாவை வீட்டு வேலைக்குப் போகவிடாமல் நிறுத்துகிற காகிதம். நீங்கள் 'தரம்' என்று எழுதிய இடத்தில் எனக்கு இதுதான் தெரிகிறது.

முதலாமாண்டு மாணவர்கள் படிப்பில் கவனம் செலுத்தட்டும் என்று ஒரு பேராசிரியர் சொன்னதாகக் கேள்வி. நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் போன வருடம் மேட்சே ஆடாத அந்த ஐந்தாறு பேரில் இரண்டு பேருக்கு வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனது. அணியில் இருந்த சீனியர்களுக்கு ஓ.டி. (விளையாடப் போன நேரத்துக்கும் வருகைப்பதிவு தரும் 'ஆன் டியூட்டி') கிடைத்தது, இவர்களுக்கு அதுவும் இல்லை, காலைப் பயிற்சி முடிந்து ஓடிவருவதற்குள் முதல் வகுப்பு முடிந்திருக்கும். ஆட்டமும் இல்லை, அட்டெண்டன்ஸும் இல்லை. படிப்பின்மேல் உண்மையிலேயே அக்கறை இருந்தால் பயிற்சியை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம் காசு. அதையும் பேசித்தான் ஆக வேண்டும். கூடுதலாகப் பத்துப் பையன்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், மொத்தமாக வாங்கினால் நாற்பது ரூபாய்க்குள் முடியும். பயிற்சி நாள் வருடத்துக்கு 120 என்றால் 48,000 ரூபாய். போன மார்ச்சில் விளையாட்டு விழாவுக்கு வாசலிலிருந்து மேடை வரை வைத்த பிளெக்ஸ் பேனர்களையும் சிறப்பு விருந்தினருக்குப் போட்ட பந்தலையும் நானும் பார்த்தேன். இதற்கு மேல் நான் கணக்கு சொல்லத் தேவையில்லை. ஒரே மைதானத்தில், ஒரே நேரத்தில், ஒரே அளவு வியர்த்தவர்களில் 16 பேருக்கு முட்டை கொடுத்து மற்றவர்களைப் பார்க்கவிடுவது மட்டும் வேண்டாம். அது எந்தக் கணக்கிலும் வராது.

காயங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே பதினொரு பேரை ஓடவிட்டால் அந்தப் பதினொரு பேரும் நொண்டுவார்கள். போன சீசனில் இரண்டாமாண்டு ஸ்டாப்பர் ஒருவனுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. ஏ.சி.எல். அறுவை செய்தால் திரும்பி ஆட ஒன்பது மாதமாவது ஆகும். அவனுக்குக் காப்பீடு இல்லை, கல்லூரியிலிருந்து யாரும் மருத்துவமனைக்குப் போகவும் இல்லை, நண்பர்கள் வசூல் செய்துதான் ஸ்கேன் எடுத்தார்கள். காசே செலவில்லாத வழியும் இருக்கிறது. ஃபிஃபாவே வெளியிட்ட '11+' என்ற இருபது நிமிட வார்ம்-அப் இருக்கிறது, ஒரு பந்தும் சில கோன்களும் போதும், ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் நன்றாகவே குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் பையன்கள் இன்னும் மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு, நின்று தொடையை இழுத்துவிட்டு, அதை வார்ம்-அப் என்கிறார்கள். உடற்கல்வி இயக்குநர் சார், இது உங்களுக்குத் தெரியாததில்லை. ஒருவரே கபடி, வாலிபால், அத்லெட்டிக்ஸ், கால்பந்து அத்தனையையும் பார்த்தால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள். அதையும் குழுவிடம் சேர்த்தே சொல்கிறேன், உங்களுக்கு உதவிக்கு ஓர் ஆள் வேண்டும்.

2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 1-0 என்று வென்றபோது அந்த ஒரு கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர். அன்று ராத்திரி எங்கள் தெருவில் வெடி வெடித்தோம். எங்கள் ஏரியாவை 'மினி பிரேசில்' என்று பத்திரிகைகள் எழுதுவதும் அதைப் பார்த்து நாங்கள் பூரிப்பதும் சரிதான், ஆனால் அங்கே காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வருகிற அறுபது பையன்களில் நந்தகுமார் ஒருவர்தான் ஆக முடியும். மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் கல்லூரி அணிதான் உலகம். அந்தக் கதவை நீங்கள் 16 பேர் அகலத்துக்கு வைத்துவிட்டீர்கள்.

சரி, என்ன வேண்டும் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். கால்பந்து அணியின் பட்டியல் 25 பேராக இருக்கட்டும், அதில் குறைந்தது எட்டுப் பேர் முதல் இரண்டு ஆண்டு மாணவர்களாக இருக்கட்டும். தேர்வை ஒளித்துவைக்காமல் இரண்டு நாள் திறந்த டிரையல்ஸாக நடத்தி, வெளியிலிருந்து இரண்டு பேரைத் தேர்வாளராகக் கூப்பிட்டு, பெயர்களை நோட்டீஸ் போர்டில் பொசிஷன் வாரியாகப் போடுங்கள். பி டீமை மறுபடி கொண்டுவந்து லீக்கில் பதிவு செய்யுங்கள். இந்த வருடப் பதிவு முடிந்துவிட்டது என்றால் பக்கத்துக் கல்லூரிகளோடு மாதம் இரண்டு மேட்சாவது வையுங்கள், மைதானமும் ரெஃப்ரியும் ஏற்பாடு செய்வது பழைய மாணவர்களின் பொறுப்பு. ஜோன் போட்டிக்கு 20 பேரை அனுப்புங்கள், அதில் மூன்று ஜூனியர்களாவது இருக்க வேண்டும், சும்மா பை தூக்க இல்லை, ஆட. எம்.ஏ.வில் சேர்க்கும் தயார் ஆட்கள் வருடத்துக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பயிற்சிக்கு வருகிற எல்லோருக்கும் முட்டையும் பாலும், எல்லோருக்கும் ஓ.டி., எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு. வாரம் இரண்டு நாள் ஒரு பிசியோ. முட்டை, பால் செலவை இந்த ஒரு வருடத்துக்கு என் பேட்ச் ஆட்கள் ஏற்றுக்கொள்கிறோம், பேசி முடித்துவிட்டேன், ஆனால் அடுத்த வருடத்திலிருந்து அது கல்லூரி பட்ஜெட்டில் இருக்க வேண்டும். பழைய மாணவர்கள் கொடுத்துவிட்டார்கள் என்று கை கழுவுவதற்காக நாங்கள் கொடுக்கவில்லை.

இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். நேரில் கூப்பிட்டால் வருகிறேன், டீ குடித்துவிட்டு 'பார்க்கலாம்' என்று கேட்டுக்கொண்டு திரும்ப மாட்டேன்.

டிசம்பரில் எனக்குப் போன் செய்த பையன் இப்போது இரண்டாமாண்டு. டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறான். பத்து நாள் பொறுடா என்று சொல்லியிருக்கிறேன். இன்றோடு மூன்று நாள் ஆகிவிட்டது.

இப்படிக்கு,
பழைய லெப்ட் ஹாஃப், 1999-2002 பேட்ச்